12 நிமிடத்தில் ஓர் ஆய்வுரை

கருத்தரங்கில் 15 நிமிடம் என்றால் பேச 12, கேள்விக்கு 3. மேடையில் இருப்பவர்களை ஒவ்வொருவராக 'அவர்களே, அவர்களே' என்று விளித்தே ஒன்றரை நிமிடத்தைத் தொலைக்காதீர்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே வணக்கம் போதும்.

உரைக்கு ஒரே ஒரு கேள்வி வேண்டும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிரியலாளர் எம்.கே. சந்திரசேகரன் குழுவினர், மதுரை அருகே சமணர் மலைக் குகை வௌவால்களை வைத்து, உடலுக்குள்ளேயே ஓடும் உயிரியல் கடிகாரம் பற்றி 1978 முதல் வெளியிட்ட ஆய்வுகளைப் பேசுவதாக வைத்துக்கொள்வோம். 'உயிரியல் கடிகாரம்: ஓர் அறிமுகம்' என்று தொடங்கினால் பாதி அவை செல்போனுக்குள் போய்விடும். 'வெளிச்சம் எட்டாத உட்குகையில், கூண்டில் கிடக்கும் வௌவாலுக்குப் பொழுது சாய்ந்தது எப்படித் தெரியும்?' என்று கேளுங்கள். விடையையும் மூன்றாம் நிமிடத்துக்குள் சொல்லிவிடுங்கள்: மற்ற வௌவால்கள் கிளம்புவதும் திரும்புவதும்தான் அதற்கு நேரம் சொல்கின்றன. துப்பறியும் கதைபோல் கடைசிவரை ஒளித்துவைத்தால், சான்றுகள் எதற்கு என்றே கேட்பவருக்குப் புரியாது.

மீதி நேரம் சான்றுக்கு. இங்கே உயிர்நாடியான ஸ்லைடு ஒப்பீட்டுப் படம்தான். வேறு வௌவால் கூட்டமே இல்லாத குகையில் வைத்த வௌவாலின் சுறுசுறுப்பு, வெளியே இருக்கும் பகல் இரவோடு ஒட்டாமல் நாளுக்கு நாள் விலகிப்போகிறது. இதற்கு முழுசாக 2 நிமிடம் கொடுங்கள். கிடைமட்டத்தில் 24 மணி நேரம், மேலிருந்து கீழே நாட்கள் என்று முதலில் அச்சுகளைச் சொல்லுங்கள், முடிவு பிறகு. படம் உங்களுக்குத்தான் மனப்பாடம், அவைக்கு அன்றுதான் அறிமுகம். பெரும்பாலான உரைகள் சறுக்குவது இங்கேதான்.

ஸ்லைடு பத்துக்கு மேல் வேண்டாம். எழுத்து 24 புள்ளிக்குக் குறையக்கூடாது. ஜன்னல் திறந்த அரங்கில் வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் கோடு தெரியவே தெரியாது. பாமினியில் தட்டிய தமிழ், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிடும். யூனிகோடில் தட்டி, பி.டி.எஃப். நகலையும் பென்டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒத்திகையை எழுந்து நின்று, வாய்விட்டுச் செய்யுங்கள். மனசுக்குள் வாசித்தால் நேரம் குறைவாகத்தான் காட்டும். 12 நிமிடம் தாண்டினால் வேகத்தைக் கூட்டாதீர்கள், ஸ்லைடை வெட்டுங்கள். முதலில் போகவேண்டியது 'உரையின் பகுதிகள்' பட்டியல்.

கேள்வி வந்தால் அதை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொல்லுங்கள். பின்வரிசைக்கும் கேட்கும், யோசிக்கவும் நேரம் கிடைக்கும். அளக்காததை 'அளக்கவில்லை' என்றே சொல்லுங்கள்.

அன்று மாலையே ஒவ்வொரு கேள்வியையும் ஸ்லைடு எண்ணோடு குறித்துவையுங்கள். ஒரே ஸ்லைடில் இருவர் இடறினால் கோளாறு ஸ்லைடில் இருக்கிறது. நல்ல கேள்வி என்றால் அதற்கு ஒரு படம் வரைந்து, நன்றி ஸ்லைடுக்குப் பின்னால் சேர்த்துவையுங்கள். அடுத்த அரங்கில் யாராவது அதையே கேட்டால் எடுத்துக் காட்டலாம்.