ஹோர்ட்டன் பிளேன்ஸ்ல ஒரு ராத்திரி தங்கி கிரிகல்பொத்த ஏறுறதுக்கு எப்படி ரெடியாகணும்

வெளிநாட்டுல இருக்குற நம்ம சொந்தக்காரங்க ஸ்னோஷூ மாட்டிக்கிட்டு பனிக்குள்ள நடந்து மலைக்குடில்ல தங்குற போட்டோவெல்லாம் போடுறாங்க, நம்ம மலையகத்துல ஸ்னோ விழாதுதான், ஆனா ஜனவரி மாச ராத்திரியில நுவரெலியா பக்கத்துல இருக்குற ஹோர்ட்டன் பிளேன்ஸ் தேசிய பூங்காவுல தங்கிப் பாருங்க, விடியக்காலைல புல்லு மேல துகள் உறைபனி வெள்ளையா கிடக்கும். அந்தக் குளிருக்கு ரெடியாகாம டீஷர்ட்டும் ஜீன்ஸும் போட்டுக்கிட்டு வர்ற பசங்கள பாத்தா எனக்கு பயமா இருக்கு. புலி (சிறுத்தையைத்தான் சொல்றேன்) வருமா, வேர்ல்ட்ஸ் எண்ட் செங்குத்துப் பாறையில இருந்து விழுந்துருவோமான்னு எல்லாரும் கேக்குறாங்க, நனைஞ்ச உடுப்போட ராத்திரி குளிர்ல மாட்டிக்கிட்டா என்ன ஆகும்னு ஒருத்தரும் கேக்கிறதில்ல. அங்க நிஜமான ஆபத்து அதுதான்.

முதல்ல மாசம். ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் நல்லது, மழை கொறவு, காலைல வானம் தெளிவா இருக்கும். ஆனா வானம் தெளிவா இருக்குற ராத்திரிதான் குளிர் கடுமை, மேகம் இல்லாதப்ப தரையில உள்ள சூடெல்லாம் மேல போயிரும். மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேல் பருவக்காத்து, மழையும் காத்தும் சேந்து அடிக்கும், முதல் தடவை போறவங்களுக்கு அது வேணாம். ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாசங்கள்ல பின்னேரம் இடி மின்னல் வரும், கிரிகல்பொத்த உச்சி மாதிரி மொட்டை இடத்துல அந்த நேரம் நிக்கவே கூடாது. போறதுக்கு முந்தின ரெண்டு நாளும் வானிலை அறிக்கைய பாருங்க, அதோட தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் குடுக்குற மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்க, மஞ்சளுக்கு மேல போயிருந்தா டிரிப்ப தள்ளிப் போடுங்க, மேல காஞ்சு கிடந்தாலும் போற ரோடு சரிஞ்சு கிடக்கலாம்.

தங்குறதுக்கு வனஜீவராசிகள் திணைக்களத்தோட பங்களா இருக்கு, மஹாஎலிய, கினிஹிரிய ரெண்டும் பேர் போனது, டென்ட் அடிக்க கேம்ப் சைட்டும் இருக்கு. எல்லாமே முன்கூட்டி புக் பண்ணணும், வாசல்ல போய் நின்னு கேட்டா கிடைக்காது, லீவு நாள்னா இன்னும் கஷ்டம். புக் பண்ணும்போதே சாப்பாட்டுச் சாமான், பெட்ஷீட், போர்வை எது நம்ம கொண்டு போகணும்னு கேட்டுருங்க. பழக்கம் இல்லாதவங்க பங்களாவ எடுங்க, டென்ட்னா கீழ ஓடுற குளிர் காத்து பள்ளத்துல போய் தேங்கும், ஓடைப் பக்கம் பாக்க அழகா இருக்குற புல்தரைதான் ராத்திரியில ஆகக் குளிரான இடம். கொஞ்சம் மேடா பாத்து அடிங்க, கீழ மெத்தை தடிப்பா போடுங்க, ஏன்னா போர்வை எவ்வளவு இருந்தாலும் தரை உடம்புச் சூட்ட உறிஞ்சிக்கிட்டே இருக்கும்.

எவ்வளவு குளிரும்னா, 1000 மீட்டர் ஏறினா ஆறு டிகிரி மாதிரி கொறையும், பிளேன்ஸ் 2100 மீட்டருக்கு மேல இருக்கு, கொழும்புல 30 டிகிரின்னா அங்க பகல்லயே 17, 18தான் வரும். வருசம் முழுக்க சராசரியே 13 டிகிரி, ஜனவரி ராத்திரில அஞ்சுக்கும் கீழ போகும். அதனால உடுப்பு விசயத்துல கஞ்சத்தனம் வேணாம், அதுக்காக கடையில காசக் கொட்டவும் வேணாம், நுவரெலியா பேல் பஜார்ல நல்ல ஃப்ளீஸ், ஜெக்கட் எல்லாம் கொறஞ்ச விலைக்கு கிடைக்கும். உள்ளுக்கு பருத்தி போடாதீங்க, பருத்தி வேர்வைய குடிச்சிட்டு காயாம உடம்போட ஒட்டிக்கிட்டு குளிர ஏத்தும், புட்போல் ஜேர்சி மாதிரி பொலியஸ்டர் சீக்கிரம் காயும். மேல ஃப்ளீஸ், அதுக்கு மேல காத்தும் மழையும் போகாத ஜெக்கட், கம்பளித் தொப்பி, ரெண்டு ஜோடி மேஸ். இன்னொரு செட் உடுப்பு தூங்குறதுக்குன்னே தனியா வைங்க, பகல்ல என்ன நடந்தாலும் அத தொடக்கூடாது, இதுல மட்டும் யார் சொன்னாலும் விட்டுக்குடுக்காதீங்க.

இங்க ஒரு சிக்கல். உடுப்ப நனையாம சுத்த எல்லாரும் பொலித்தீன் பேக்தான் கொண்டு வருவாங்க, ஆனா கேட்ல பேக செக் பண்ணி பொலித்தீன எடுத்துருவாங்க, தண்ணி போத்தல்ல இருக்குற லேபலையும் கழட்டச் சொல்லுவாங்க. நல்ல சட்டம்தான், மரைகள் (பெரிய மான்) பொலித்தீன தின்னு சாகுதுல்ல. அதனால தண்ணி புகாத துணிப் பேக் வாங்குங்க, இல்லாட்டி கொழுந்தெடுக்குறவங்க இடுப்புல கட்டுற படங்கு மாதிரி ஒண்ணுல சுத்திக்கங்க. சாப்பாட்ட லன்ச் ஷீட்ல கட்டாம டிபன்ல போடுங்க. ரொட்டியும் கட்டச்சம்பலும் ரெண்டு வேளைக்கு தாங்கும், நடக்கும்போது கொறிக்க கச்சான், பேரீச்சம்பழம், கித்துள் கருப்பட்டி. ஓடைத் தண்ணிய கொதிக்க வச்சுத்தான் குடிக்கணும்.

முதல் நாள் மத்தியானத்துக்குள்ள மேல போயிருங்க. நுவரெலியாவுல இருந்து வேன்ல 30 கிலோமீட்டர் சொச்சம், ட்ரெயின்னா பட்டிப்பொல இல்லாட்டி ஒஹியவுல இறங்கி ஓட்டோ. அன்னைக்கு பெரிய நடை எதுவும் வேணாம், சும்மா பக்கத்துல சுத்திட்டு வெளிச்சத்தோட சாப்பிட்டு படுத்துருங்க, ஜனவரியில ஆறரைக்கெல்லாம் இருட்டிரும். இருட்டினப்புறம் வெளிய நடக்காதீங்க, டொய்லட் போனாலும் ரெண்டு பேரா டோர்ச்சோட போங்க. மரை பக்கத்துல வந்து பிஸ்கட் கேக்கும், குடுக்காதீங்க, கொம்போட தலைய ஆட்டினா நமக்குத்தான் அடி.

ரூமுக்குள்ள கரி அடுப்போ கேஸ் குக்கரோ வச்சு கதவ ஜன்னல அடைச்சிட்டு தூங்குறது உயிருக்கு ஆபத்து. கார்பன் மொனொக்சைட்டுக்கு வாசமும் இல்ல நிறமும் இல்ல, தலைவலி வரும், தூக்கம் வரும், அவ்வளவுதான், எழும்ப மாட்டீங்க. கேஸ் குக்கர்ல சமைக்கிறதுன்னா வெளிய, இல்லாட்டி ஜன்னல தொறந்து வச்சு. சாராயம் குடிச்சா குளிர் போகும்ங்கிறதும் பொய், தோல்ல உள்ள ரத்தக்குழாய் விரிஞ்சு சூடு தெரியுமே தவிர உள்ளுக்குள்ள இருக்குற சூடு வெளிய போயிரும். வெளியில நெருப்பு மூட்டவும் வேணாம், காஞ்ச பத்தனைப் புல்லு ஒரு பொறிக்கே பத்திக்கும்.

ரெண்டாம் நாள் விடியும்போதே கெளம்புங்க, மேல தங்குறதோட லாபமே இதுதான், கீழ இருந்து வர்றவங்க வந்து சேர்றதுக்குள்ள நீங்க பாதி தூரம் போயிருப்பீங்க. கிரிகல்பொத்த 2388 மீட்டர், நாட்டுலயே ரெண்டாவது உயரமான மலை, ஃபார் இன் (பூங்காவோட பார்வையாளர் நிலையம்) பக்கத்துல இருந்து போக 7 கிலோமீட்டர், வர 7, மெதுவா நடந்தா ஆறு ஏழு மணித்தியாலம். பூங்கா ஆபீஸ்ல இல்லாட்டி பங்களா பாத்துக்கிறவர்கிட்ட எந்த வழி, எத்தன பேர், எத்தன மணிக்கு திரும்புவோம்னு சொல்லிட்டு போங்க. பாதை புல்வெளி, சகதி, காடு, கடைசியில பாறைன்னு போகும், காட்டுக்குள்ள ஈரம் இருந்தா அட்டை கடிக்கும், உப்பும் சோப்பும் போதும். பதினொரு மணிக்கு உச்சி எட்டலன்னா எங்க நிக்கிறீங்களோ அங்கயே திரும்புங்க, அஞ்சு நிமிசம்தான் இருக்குன்னு ஒருத்தன் சொல்லுவான், அவன் பேச்ச கேக்காதீங்க.

பனிமூட்டம் ஒன்பது பத்து மணிக்கே வந்து மூடலாம். மூடினா நில்லுங்க, எல்லாரும் சேந்து நில்லுங்க. குறுக்க புல்லுல இறங்காதீங்க, மரை நடந்த தடமும் மனுச தடமும் ஒரே மாதிரி இருக்கும், அது உங்கள காட்டுக்குள்ளயோ சரிவுக்கோ கூட்டிட்டு போயிரும். போன்ல மேப்ப ஓஃப்லைனா இறக்கி வந்த வழிய பதிஞ்சு வச்சிருந்தா அதப் பாத்து திரும்பலாம், ஆனா குளிர்ல பெட்டரி சீக்கிரம் எறங்கும், அதனால போன உள் பொக்கட்ல வைங்க. விசில் ஒண்ணு கழுத்துல தொங்கட்டும், மூணு தடவை ஊதினா உதவி வேணும்னு அர்த்தம். வேர்ல்ட்ஸ் எண்டுக்கும் போறதா இருந்தா மூட்டத்துல ஓரத்துக்கு போகவே போகாதீங்க, 2015ல நெதர்லாந்துக்காரர் ஒருத்தர் போட்டோ எடுக்கும்போது பின்னால காலெடுத்து வச்சு விழுந்து, கீழ ஒரு மரத்துல சிக்கினதால உயிர் தப்பினார், ஆமிதான் மேல தூக்கினது. எல்லாருக்கும் மரம் கிடைக்காது.

கூட வர்றவங்கள பாத்துக்கிட்டே இருங்க. ஒருத்தன் நடுங்குறான், கால் தடுமாறுறான், பேச்சு குழறுது, கேட்டா ஒண்ணுமில்லங்கிறான்னா குளிர் அடிச்சிருச்சு. காத்து படாத இடத்துல ஒக்கார வச்சு நனைஞ்சத கழட்டி காஞ்சத போட்டு, தலைய மூடி, பக்கத்துல ஒருத்தர் அணைச்சுக்கிட்டு, நல்லா நெதானமா இருந்தா சீனி நெறைய போட்ட சூடான ப்ளேன்டீ குடுங்க. கை கால தேச்சு விடாதீங்க. குளிர் இருக்கும்போதே நடுக்கம் நின்னுட்டா அது குணமாகல, மோசமாகுது, உடனே 1990க்கு அடிங்க, சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். சிக்னல் எல்லா இடத்துலயும் கிடைக்காது, அதனால எந்த எடத்துல கிடைக்குதுன்னு போகும்போதே பாத்து வச்சுக்கங்க.

திரும்பி வந்ததும் முதல்ல ஆபீஸ்ல வந்துட்டோம்னு சொல்லுங்க, இல்லாட்டி உங்களத் தேடி ஆள் போவாங்க. ரெண்டு மணிக்குள்ள கீழ எறங்கப் பாருங்க, பின்னேரம் ரோட்டுல மூட்டமும் இருக்கும் மரையும் குறுக்க பாயும், களைச்சுப் போனவன் கையில வேன குடுக்காதீங்க.