‘அப்படி நடக்காமல் போயிருந்தால்?’ – மலையகத்தை வைத்து மாற்று வரலாறு எழுதிப் பழக

நான் முதன்முதலில் எழுதிய மாற்று வரலாற்றுக் கதையில், 1948இல் ஒரு இளைஞன் இலங்கை மலையகத்து ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போய், ஒரே பேச்சில் தேயிலைத் தோட்டத் தமிழர் எல்லோருக்கும் குடியுரிமை வாங்கிக் கொடுத்துவிடுவான். நாலாம் பக்கத்துக்குள் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்கள் எல்லாம் மாடி வீடுகளாகிவிடும். வாசித்துவிட்டு என் கூட்டாளி கேட்டது ஒரே கேள்விதான்: “நல்ல கனவு. எத்தனை மணிக்கு முழிச்ச?”

அந்த அவமானத்துக்குப் பிறகு பழகிய முறையைத்தான் கீழே சொல்கிறேன். தேவையானவை அதிகம் இல்லை. எழுத ஒரு கொப்பி, பென்சில், வீட்டுத் தகரப்பெட்டியில் கிடக்கும் பழைய பத்திரங்கள். (கொப்பிதான். கோப்பி, அதாவது காப்பி, பற்றிப் பிறகு வருகிறேன்.)

படி 1: பிரியும் இடத்தைப் பிடியுங்கள்

கொழும்பிலிருந்து வரும் கோச்சிப் பாதை (ரயில் பாதை) பேராதெனியில் பிரிகிறது. ஒரு பக்கம் போனால் கண்டி, மாத்தளை. மறுபக்கம் போனால் நாவலப்பிட்டி, ஹட்டன், நானுஓயா, கடைசியில் பதுளை. பிரிகிற இடத்தில் தண்டவாளம் நகர்வது ஒரு சாண் இருக்குமா? ஆனால் போய்ச் சேரும் ஊர்கள் ஒன்றையொன்று பார்க்கவே முடியாத தூரத்தில் இருக்கின்றன.

மாற்று வரலாற்றுக்கும் அப்படி ஒரு இடம் வேண்டும். “வெள்ளைக்காரனே வராமல் இருந்திருந்தால்?” என்று தொடங்காதீர்கள். அது தண்டவாளத்தையே பிடுங்கிப் போடுகிற வேலை. ஒரு நோய், ஒரு சட்ட வரி, தவறிப்போன ஒரு கடிதம், இப்படிக் கைக்கு அடக்கமாக ஒன்றை எடுங்கள்.

படி 2: நடந்ததை முதலில் எழுதுங்கள்

சலிப்பான வேலைதான், ஆனால் தப்ப முடியாது. கொப்பியின் இடது பக்கத்தில் நிஜத்தில் நடந்ததை ஆண்டுடன் எழுதுங்கள். வலது பக்கம் இப்போதைக்கு வெறுமையாக இருக்கட்டும். இடது பக்கம் தெரியாதவருக்கு வலது பக்கம் எழுத வராது.

படி 3: ஒரு வெள்ளோட்டம் (இங்கேதான் கோப்பி)

மலையகத்தில் எல்லோருக்கும் முதலில் தோன்றும் கேள்வி: கோப்பி இலைத் துருநோய் வராமல் இருந்திருந்தால்?

இடது பக்கம் இப்படி இருக்கும். 1820களில் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டம் போடத் தொடங்குகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் கடல் தாண்டி வந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடக்கிறார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கு இல்லை. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நடுகிறார். 1869இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் தெரிகிறது. அடுத்த இருபது ஆண்டுக்குள் கோப்பி கதை முடிந்தது. நடுவில் கொயினா மருந்து தரும் சிங்கோனா மரம் போட்டுப் பார்த்தார்கள், விலை விழுந்தது. மிஞ்சியது தேயிலை.

இந்த ஆண்டுகளைப் பாருங்கள்: தேயிலை நோய்க்கு முன்பே வந்துவிட்டது. “கோப்பி செத்ததால்தான் தேயிலை வந்தது” என்று பள்ளிக்கூடத்தில் படித்தது பாதிதான் சரி. இடது பக்கம் எழுதினால்தான் இதெல்லாம் கண்ணில் படும்.

இப்போது நோயை அழியுங்கள். என்ன ஆகும்? துரைமார் (தோட்டத்து வெள்ளைக்காரர்கள்) பணக்காரர் ஆவார்கள், அவ்வளவுதானே என்று நானும் நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. கோப்பிக்கு ஆள் நிறையத் தேவைப்படுவது பழம் பறிக்கும் சில மாதங்களில். வந்தவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். பறித்து முடிந்ததும் பலர் ஊருக்குத் திரும்பினார்கள். தேயிலை அப்படி இல்லை. வாரத்துக்கு ஒரு தடவையாவது அதே மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகவேண்டும், வருஷம் முழுக்க. அதனால்தான் பெண்களும் பிள்ளைகளுமாகக் குடும்பங்கள் வந்து நின்றன. லயம், பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பு), பிள்ளைக்காம்பரா (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) என்று நமக்குத் தெரிந்த வாழ்க்கை இறுகியது தேயிலையோடுதான்.

அதாவது, நோய் வராமல் இருந்திருந்தால் நம் பாட்டன்மார் பலர் மூட்டையைக் கட்டிக்கொண்டு திருச்சிப் பக்கமே திரும்பியிருப்பார்கள். நாம் மலையகத்தார் ஆகியிருக்கமாட்டோம். இலைக்கு அடியில் ஒட்டிய பூஞ்சைத் தூளுக்கு ஒரு சமூகமே கடன்பட்டிருக்கிறது என்றால் கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

இதற்கும் ஒரு மறுப்பு உண்டு. நோய் வராவிட்டாலும் பிரேசில் கோப்பி உலகச் சந்தையை நிரப்பி விலையை அடித்திருக்கும். அப்போதும் தேயிலை வந்திருக்கும், பத்து இருபது ஆண்டு தாமதமாக. நீங்கள் அழித்த காரணம் ஒன்று. வரிசையில் நிற்கும் காரணங்கள் நாலு. அழிப்பதற்கு முன் வரிசையை எண்ணிப் பாருங்கள்.

படி 4: ஒரே ஒரு வரியை மாற்றுங்கள்

வெள்ளோட்டம் போதும். நிஜ வேலைக்கு நான் எடுத்தது 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம். நவம்பர் 15க்கு முன் இங்கே பிறந்தவராக இருந்தாலும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் பிறந்திருக்க வேண்டும் என்றது சட்டம். லயத்துக் காம்பராவில் மருத்துவச்சி பார்த்த பிரசவத்துக்கு யார் பத்திரம் வைத்திருந்தார்கள்?

நான் மாற்றியது அந்த நிபந்தனையை மட்டும்: “இங்கே பிறந்திருந்தால் போதும்.” வேறு எதையும் தொடவில்லை. வீரன் வேண்டாம், பேச்சு வேண்டாம்.

மாற்றியதும் உங்களையே கேளுங்கள்: அந்தக் காலத்தில் இது நடக்கக் கூடியதுதானா? பக்கத்து நாட்டைப் பாருங்கள். இந்தியாவின் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்திய மண்ணில் பிறந்ததையே போதுமான தகுதியாக எடுத்துக்கொண்டது. அப்படியானால் அந்த எண்ணம் அக்காலத்து ஆட்களுக்கு அந்நியம் இல்லை. பரீட்சை பாஸ்.

படி 5: கிட்ட, நடு, தூரம்

கிட்ட: ஓரிரண்டு ஆண்டுகள். நிஜத்தில் 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி வாக்கையும் பறித்தார்கள். அதே ஆண்டு வந்த இன்னொரு சட்டத்தின் கீழ் குடியுரிமை கேட்டு எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் சார்பில் விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. என் வலது பக்கத்தில் அந்த விண்ணப்பக் கட்டுகள் மிகவும் மெலிந்துவிட்டன.

நடு: 1952 தேர்தல். நிஜத்தில் 1947இல் தோட்ட வாக்கில் வென்றவர்களுக்கு 1952இல் நாடாளுமன்றத்தில் இடமே இல்லை. அவர்களில் ஒருவரான தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் தேர்தலில் வென்று மறுபடி போனது 1977இல்தான். கவனிக்காமல் விடப்படும் விஷயம் ஒன்று உண்டு: வாக்கு பறிபோன பிறகும் தொகுதி பிரிக்கும்போது தோட்டத்து ஆட்களைத் தலைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். வாக்கில்லாத தலைகள் அடுத்தவர் வாக்குக்கு எடை கூட்டின. வாக்கு இருந்திருந்தால் இந்தக் கணக்கே வேறு. 1956இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் வந்திருக்குமா? என் கணிப்பு: வந்திருக்கும், ஆனால் அவ்வளவு சுலபமாக இல்லை. நீங்கள் வேறு மாதிரி எழுதலாம், காரணம் மட்டும் காட்டுங்கள்.

தூரம்: ஒரு தலைமுறை. 1964 அக்டோபர் 30இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். குடியுரிமை இல்லாத 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள்: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மீதி 1,50,000 பிறகு பார்ப்போம் என்று. 1974இல் அதையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். ஹட்டன் ஸ்டேஷனில் அழுகையோடு தலைமன்னாருக்குக் கிளம்பிய வண்டியை ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றார்கள். என் வலது பக்கத்தில் அந்த வண்டி ஓடவில்லை.

படி 6: அசையாதவை

ஒரு தனிப் பக்கத்தில், உங்கள் மாற்றத்தால் அசையாதவற்றை எழுதுங்கள். என் பட்டியல்: தென்மேற்குப் பருவமழை, லயத்தின் பத்தடிக் காம்பரா, லண்டனில் தேயிலை விலை, கங்காணியின் குரல். குடியுரிமை கிடைத்தால் கூரை ஒழுகாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. என் முதல் கதை கனவாகிப் போனது இந்தப் பக்கத்தை எழுதாததால்.

படி 7: ஒரு ஆளின் கையில் கொடுங்கள்

இனி கதை. ஆண்டுகளையும் சட்டங்களையும் கதைக்குள் கொட்ட வேண்டாம். அந்த மாறிய உலகத்தில் புழங்கும் ஒரு தாளை எழுதுங்கள்: செக்ரோல் (தோட்டத்து வேலைநாள் பதிவு), கல்யாணப் பத்திரிகை, கடிதம், எதுவானாலும் சரி. நான் எழுதியது 1968இல் தோட்டத்திலிருந்து துறையூருக்குப் போகும் கற்பனைக் கடிதம்:

“தம்பி, தீபாவளிக்கு வர முடியாது. அட்வான்ஸ் இன்னும் போடவில்லை. கூரைத் தகரத்தைப் பற்றி நம்ம எம்.பி.யிடம் சொன்னோம். பார்க்கிறேன் என்றார். போன எம்.பி.யும் அதையேதான் சொன்னார். இந்தத் தடவை வேறு ஆளுக்குப் போடலாம் என்று உன் அண்ணி சொல்கிறாள்.”

வாக்கு இருக்கிறது, கூரை ஒழுகுகிறது, எம்.பி.யை மாற்றலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. எது மாறியது, எது மாறவில்லை என்று தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

படி 8: அந்தக் காலத்தைப் பார்த்தவரிடம் வாசித்துக் காட்டுங்கள்

நான் வாசித்துக் காட்டியது அப்பாவின் அக்காவுக்கு. மாமாவுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்ததால் எழுபதுகளில் போனவர். இப்போது கூடலூரில் இருக்கிறார். அங்கேயும் தேயிலைதான். அப்பாவுக்கு இந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்ததால் அவர் இங்கேயே நின்றுவிட்டார். போனில் அத்தை முழுதையும் கேட்டார். கோச்சி ஓடாத இடத்தில் கொஞ்சம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்:

“ஏன்டா தம்பி, நாங்க போகலேன்னா எங்க காம்பரா காலியாகியிருக்காதே. அதுலதானே உங்க அம்மா குடும்பம் கீழ் டிவிஷன்லேருந்து வந்து குடியேறுச்சு? உங்க அப்பன் யாரைக் கட்டியிருப்பான்?”

கொப்பியை மறுபடி எடுத்து, வலது பக்கத்தை அழித்துக்கொண்டிருக்கிறேன்.