மெல்லிய தகட்டில் விரிசல் சோதனை: எண்ணை நம்பும் முன்

1988 ஏப்ரலில் ஹவாய் வானில் மேற்கூரை பிய்ந்துபோன அலோஹா நிறுவன விமானத்தின் தோல் தகடு 0.9 மி.மீ. தடிமன்தான். அப்படிப்பட்ட தகட்டுக்குக் கைப்புத்தகத்தில் உள்ள 'கே ஒன் சி' மதிப்பை, அதாவது தடித்த துண்டில் அளந்த விரிசல் எதிர்ப்பு எண்ணை, தூக்கிக்கொண்டு வருபவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். விமானத் தோலுக்குப் பயன்படும் 2024-டி3 அலுமினியக் கலவையில் அந்த மதிப்பை முறையாக அளக்க ஏறக்குறைய 25 மி.மீ. தடிமன் வேண்டும். மெல்லிய தகட்டுக்கு வேறு வழி: விரிசல் நீள நீள எதிர்ப்பு எப்படி ஏறுகிறது என்ற வளைகோடு.

1.6 மி.மீ. தகட்டை 400 மி.மீ. அகலத்தில் வெட்டுங்கள். 300 போதாதா என்பார்கள். போதாது, விரிசல் ஓடும் முன்பே பிளவு போக மிச்சமுள்ள அகலம் நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும், பிறகு கணக்குக்குப் பொருளில்லை. பிடிகளுக்கு இடையே அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளம் விடுங்கள். ஆலையில் உருட்டிய திசையைத் தகட்டிலேயே அம்புக்குறியால் எழுதிவிடுங்கள். வெட்டிய பிறகு யாருக்கும் நினைவிருக்காது.

நடுவில் 124 மி.மீ. பிளவை, மின்பொறியால் மெல்லிய கம்பி கொண்டு வெட்டும் 'வயர் கட்' இயந்திரத்தில் போடுங்கள். அதன் இரு முனைகளிலும் இழுவிசையைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கி, தலா 3 மி.மீ. களைப்பு விரிசல் வளர்க்க வேண்டும். முடியும் தறுவாயில் விசையைக் குறையுங்கள். ஒரு முனை முந்தினால் பிடி கோணலாக இருக்கிறது; நிறுத்திச் சரிசெய்யுங்கள்.

அடுத்ததுதான் முக்கியம். தகட்டை இழுக்கும்போது பிளவின் மேல் உதடும் கீழ் உதடும் பக்கவாட்டில் அமுக்கப்பட்டு, ஈரமான அப்பளம் காய்வதுபோல் வெளியே புடைக்கும். புடைத்தால் தகடு உண்மையைவிட மோசமாகத் தெரியும். இரு பக்கமும் விறைப்பான கட்டைகள் வைத்து, இடையே டெஃப்லான் தாள் போட்டு, போல்ட்டுகளை விரலால் மட்டும் இறுக்குங்கள். ஸ்பேனரால் முறுக்கினால் விசையின் ஒரு பங்கு கட்டை வழியே ஓடிவிடும். விரிசல் முனை நுண்ணோக்கிக்குத் தெரிய ஜன்னல் விடுங்கள்.

பிறகு சிறிது சிறிதாக இழுத்து, ஒவ்வொரு படியிலும் நிறுத்தி, விசை, பிளவின் வாய் திறந்த அளவு, இரு முனைகளிலும் விரிசலின் நீளம் மூன்றையும் குறியுங்கள். வளைகோடு இவற்றிலிருந்துதான் வரும். முறிந்த பரப்பு தட்டையாகத் தொடங்கி 45 பாகைக்குச் சாய்ந்திருக்கும். மெல்லிய தகட்டில் அது இயல்பு. அறிக்கையில் தடிமன், அகலம், திசை, கட்டை வைத்தீர்களா என்ற நான்கும் வளைகோட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.