உப்புக்காற்றில் ஓடவேண்டிய மலிவு பக்கி: எதை மாற்றலாம், எதைத் தொடவேண்டாம்

கொழும்பில் குறைந்த விலைக்கு ரிமோட் பக்கி தேடுபவர் கடைசியில் வந்து நிற்பது பெரும்பாலும் ஒரே வகை வண்டியில்தான்: அசல் வண்டியில் 1/14 அளவு, நான்கு சில்லுக்கும் இழுவை, உலோக அடித்தட்டு, 550 என்ற அளவு மோட்டார், 7.4 வோல்ட் லிபோ (லித்தியம் பொலிமர்) பற்றரி. பெட்டியில் மணிக்கு 60 கிலோமீற்றர் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். எந்தப் பெயரில் வந்தாலும் உள்ளே இருக்கும் சாமான் ஏறக்குறைய ஒன்றேதான்.

கொடுக்கும் காசுக்கு இது நல்ல வண்டி. தயங்காமல் சொல்வேன். ஆனால் இது உப்புக்காற்றுக்கென்று செய்யப்பட்டதல்ல. நான் கொட்டாஞ்சேனைக்காரன், வண்டியை ஓட்டுவது மட்டக்குளி காக்கைதீவுக் கடற்கரைப் பக்கம். அக்காவின் மகனும் அதே வகை வண்டி வைத்திருக்கிறான். "மாமா, இதற்கு பிரஷ்லெஸ் மோட்டார் போட்டால் எவ்வளவு வேகம் போகும்?" என்பதுதான் அவனுடைய ஓயாத கேள்வி. பிரஷ்லெஸ் என்றால் உள்ளே உரசும் கரித்துண்டு இல்லாத, வேகம் கூடிய மோட்டார். என் பதிலும் ஒன்றுதான்: வேகத்துக்குப் போடும் காசு இந்த வண்டியின் ஆயுளைத் தின்னும், பேரிங், ஷொக் (அதிர்வுதாங்கி), ஸ்டியரிங் ஆகியவற்றுக்குப் போடும் காசு ஆயுளைக் கூட்டும். வண்டி விலையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் செலவழிக்க நினைக்கிறீர்கள் என்றால், அதைச் சேர்த்துவைத்து அடுத்த தர வண்டியை வாங்குங்கள்.

முதல் வேலை, வண்டியைக் கழற்றாமல் அளந்து பார்ப்பது. தார் போட்ட வெறுமையான இடத்தில் அளவு நாடாவால் 20 மீற்றர் அளந்து, இரண்டு முனையிலும் சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். வண்டி முழு வேகத்தை எட்டியபிறகு முதற்கோட்டைத் தாண்டும்படி தொலைவிலிருந்து ஓட்டிவாருங்கள். ஒருவர் பக்கவாட்டில் தள்ளி நின்று, இரண்டு கோடும் தெரிய, கைப்பேசியில் காணொளி எடுக்கவேண்டும். பிறகு கோட்டுக்குக் கோடு எத்தனை படச்சட்டம் என்று எண்ணுங்கள். வினாடிக்கு 30 சட்டம் பதியும் கைப்பேசியில் 48 சட்டம் வந்தால் 1.6 வினாடி, வினாடிக்கு 12.5 மீற்றர், அதாவது மணிக்கு 45 கிலோமீற்றர். பெட்டியில் உள்ள எண்ணை மறந்துவிட்டு உங்கள் எண்ணைக் குறித்துவையுங்கள். பின்னால் எதை மாற்றினாலும் அது உதவியதா இல்லையா என்பதை இந்த எண்தான் சொல்லும்.

இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 45 கிலோமீற்றரில் மோதுவது, எட்டு மீற்றர் உயரத்திலிருந்து ஒரு கிலோ கல் காலில் விழுவதற்குச் சமம். காலிமுகத்திடலில் மாலை நேரம் பிள்ளைகள் பட்டம் விடும் கூட்டத்துக்குள் இதைக் கொண்டுபோய் ஓட்டுவது தவறு. ஆளில்லாத காலை வேளை, திறந்த வெளி. இரண்டும் இல்லையென்றால் வீட்டுக்குத் திரும்புங்கள்.

இனித் திருகாணிகள். மலிவு வண்டியில் திருகாணித் தலை மென்மையானது. பொருந்தாத திருகியை வைத்து ஒருமுறை வழுக்கவிட்டால் தலை தேய்ந்துபோகும். நல்ல திருகிக்குச் செலவழிப்பது வீணல்ல. உலோகத்துக்குள் இறங்கும் திருகாணி ஒவ்வொன்றையும் கழற்றித் துடைத்து, நூலில் நீல நிற லொக்டைட் (திருகாணி தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சிறு துளி வைத்துத் திரும்பப் பூட்டுங்கள். சிவப்பு வேண்டாம், அதை மறுபடி கழற்றச் சூடு காட்டவேண்டிவரும். பிளாஸ்டிக்குக்குள் இறங்கும் திருகாணிக்கு எந்த நிறமும் வேண்டாம், சில வகைப் பிளாஸ்டிக் வெடித்துவிடும். மோட்டார்த் தண்டில் இருக்கும் சின்னக் கியரின் பூட்டாணி, தண்டின் தட்டையான முகத்தில்தான் உட்கார வேண்டும். அந்தக் கியருக்கும் பெரிய கியருக்கும் நடுவே சாதாரண எழுதும் தாளில் ஒரு கீற்று வெட்டி வைத்து, மோட்டாரை நெருக்கி இறுக்கிவிட்டு, கியரைக் கையால் சுற்றித் தாளை வெளியே எடுங்கள். தாள் மடிப்பு மடிப்பாக, கிழியாமல் வந்தால் இடைவெளி சரி. கிழிந்து வந்தால் நெருக்கம் அதிகம்; மடிப்பே விழவில்லையென்றால் பல் வழுக்கும்.

இடவலச் சில்லுகளை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர்த்தொகுதியான டிஃபரன்ஷியலைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் பெயருக்குத்தான் கிரீஸ் பூசியிருக்கும். பழையதைத் துடைத்துவிட்டுப் படகு எஞ்சினுக்குப் பூசும் தண்ணீர் தாங்கும் கிரீஸ் நிரப்புங்கள். முகத்துவாரம் பக்கம் மீன்பிடிப் படகுக்குச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். உப்புநீருக்கென்றே செய்த கிரீஸ் அது.

பேரிங்தான் இந்த ஊரில் முதலில் போவது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கடல்நீரைத் தூவானமாகக் கரைக்குக் கொண்டுவருகிறது. மணலில் இறங்காத வண்டியிலும் துரு ஏறும். சில்லைக் கழற்றி, பேரிங்கை ஒரு விரலில் மாட்டி மெல்லச் சுற்றுங்கள். அரைபடும் உணர்வு வந்தால் அதை மாற்றுங்கள். உள்விட்டம், வெளிவிட்டம், கனம் மூன்றையும் வேர்னியரால் அளந்து எழுதிக்கொண்டு பஞ்சிகாவத்தைக்குப் போங்கள். முச்சக்கரவண்டி, லொறி உதிரிப்பாகங்களுக்கு நடுவே பேரிங் மட்டுமே விற்பவர்களும் அங்கே உண்டு. நான் போகும் கடையில் இருக்கும் நானாவிடம் வண்டியின் பெயரைச் சொல்லிப் பயனில்லை. "நானா, உள்ளே ஐந்து, வெளியே பத்து, கனம் நான்கு, இரண்டு பக்கமும் ரப்பர் மூடியது வேண்டும்" என்றால் போதும், அட்டைப்பெட்டியைத் தட்டி எடுத்துவிடுவார். "ஆர்எஸ் தானே தம்பி, இசட்இசட் இல்லையே?" என்று ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்வார். அந்தக் கேள்வியில்தான் விடயமே இருக்கிறது. இசட்இசட் என்றால் தகர மூடி. அதன் விளிம்பில் இருக்கும் சந்து வழியே மணல் நுழையும். ஆர்எஸ் என்றால் ரப்பர் மூடி. சுற்றும்போது சற்று இறுக்கமாக இருக்கும், வேகத்தில் ஒரு துளி குறையும், ஆனால் மணலை உள்ளே விடாது. புதியதையும் அப்படியே மாட்டாதீர்கள். ஊசிமுனையால் ரப்பரை மெல்ல நெம்பி எடுத்து, முன்சொன்ன படகு கிரீஸை அரைவாசிக்கு நிரப்பி மூடிப் பூட்டுங்கள்.

இந்த வண்டியின் குணத்தை மாற்றுவது ஷொக். பணத்தைவிடப் பொறுமை கேட்கும் வேலை இது. புதிய வண்டியைக் கையளவு உயரத்திலிருந்து விட்டுப் பாருங்கள். பந்துபோல் துள்ளினால் ஷொக்குக்குள் எண்ணெய் போதவில்லை, அல்லது பாதி காற்று. நான்கையும் கழற்றி, பழைய எண்ணெயைக் கொட்டித் துடைத்துவிட்டு, 350 அல்லது 400 சென்றிஸ்ரோக்ஸ் (எண்ணெயின் தடிப்பைச் சொல்லும் அளவு) சிலிக்கன் எண்ணெய் ஊற்றுங்கள். தையல் இயந்திர எண்ணெய் வேண்டாம். அது மெல்லியது, நம் வெயிலில் இன்னும் இளகிவிடும். விளிம்பு வரை ஊற்றியபின் உலக்கையை, அதாவது ஷொக்கின் நடுத்தண்டை, மிக மெதுவாக மேலும் கீழும் இழுங்கள். அடியில் ஒட்டிக்கிடக்கும் குமிழ்கள் ஒவ்வொன்றாக மேலே வரும். அவசரப்பட்டு இழுத்தால் காற்று எண்ணெயோடு கலந்து பால்போல் வெளுத்துவிடும். அப்படி ஆனால் நிமிர்த்தி வைத்துவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வாருங்கள், தானே தெளியும். பிறகு உலக்கையைப் பாதிக்கு உள்ளே தள்ளி வைத்து மூடியைத் திருகுங்கள், மிகுதி எண்ணெய் வழிந்துபோகும். பூட்டியபின் உலக்கையை அழுத்திவிட்டால் அது நிதானமாக, சீராக நகர வேண்டும். கிளுக்கென்ற சத்தம் கேட்டால் காற்று மிச்சம் இருக்கிறது, மறுபடி திறங்கள். வண்டியில் மாட்டி மேலிருந்து அழுத்திவிட்டுக் கையை எடுத்தால், சில்லுக்குப் போகும் தண்டுகள் தரைக்குச் சமாந்தரமாக நிற்க வேண்டும். அந்த உயரத்துக்கு ஸ்பிரிங் வளையத்தைத் திருகிச் சரிசெய்யுங்கள். அதே கையளவு உயரத்திலிருந்து மறுபடி விடுங்கள். இம்முறை வண்டி இறங்கி அப்படியே உட்காரும்.

ஸ்டியரிங்குக்கு வருவோம். முன்சில்லைப் பிடித்து இடவலமாக ஆட்டி, ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். உருண்டை மூட்டுகளிலிருந்து என்றால் மூட்டை மாற்றலாம். அச்சுகளிலிருந்து என்றால் மெல்லிய வாஷர் போதும். முன்சில்லைத் திருப்பும் சின்ன மோட்டாரான சேர்வோவே வலுவில்லாமல் இருந்தால் உலோகக் கியர் உள்ளது வாங்குங்கள், ஆனால் வாங்குமுன் அதிலிருந்து வரும் கம்பிகளை எண்ணுங்கள். மூன்று என்றால் கடையில் கிடைக்கும் எந்தச் சேர்வோவும் ஓடும், அளவு மட்டும் பொருந்தினால் சரி. ஐந்து என்றால் அதன் மூளை பிரதான பலகையில் இருக்கிறது. சேர்வோவை மட்டும் மாற்ற முடியாது.

மின்பலகைக்கு நிறமில்லாத நகப்பூச்சை இரண்டு முறை மெல்லப் பூசலாம். சொருகிகளிலும் வெப்பம் வெளியேற்றும் உலோகத் தகட்டிலும் படக்கூடாது. டயரை விரலால் ரிம்மிலிருந்து விலக்கிப் பார்த்து, பசை விட்ட இடங்களில் சூப்பர் குளூ விடுங்கள். முன்பம்பருக்கு நான் மரக்கறி வெட்டும் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையை வெட்டிப் போட்டிருக்கிறேன். பொலிஎத்திலீன் பலகை வளையும், உடையாது. பழைய பம்பரைத் தாளில் வைத்து வரைந்து, வாளால் வெட்டி, விளிம்பை அரத்தால் தேய்த்து, அதே துளைகளில் திருகினால் முடிந்தது. கடையில் மின்னும் அலுமினியப் பாகங்களில், முன்சில்லோடு சேர்ந்து திரும்பும் மூட்டான ஸ்டியரிங் நக்கிளை மட்டும் வாங்குங்கள். சில்லைத் தாங்கும் கைகளை அலுமினியத்துக்கு மாற்றாதீர்கள். பிளாஸ்டிக் கை மோதலில் வளைந்து அடியை வாங்கிக்கொள்ளும். அலுமினியக் கை அந்த அடியை அப்படியே அடித்தட்டுக்கு அனுப்பும்.

பிரஷ்லெஸ் பற்றி ஒரு வார்த்தை. இவ்வகை வண்டிகளில் வேகக்கட்டுப்பாட்டுப் பலகையும், ரிமோட்டின் சமிக்ஞையை வாங்கும் ரிசீவரும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். மோட்டாரை மாற்றினால் பலகை, ரிசீவர், கையிலிருக்கும் ரிமோட் எல்லாம் மாறவேண்டும். அதன்பிறகு பெரிய கியரின் பற்களும் தண்டுகளும் உடையத் தொடங்கும். இருக்கும் மோட்டாரையே பாதுகாத்தால் போதும். ஓடி முடிந்ததும் அதன்மேல் விரலை வைத்து மூன்று வினாடி தாங்க முடியவில்லையென்றால், சின்னக் கியரில் ஒன்றிரண்டு பல் குறைந்ததைப் போடுங்கள்.

பற்றரியில் சிக்கனம் பார்க்காதீர்கள். 1500 மில்லியம்பியர் மணி பற்றரிக்கு 1.5 அம்பியர் மின்னோட்டம் போதும். செல்கள் எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு ஏற்றும் சமநிலைச் சார்ஜர் ஒன்று வாங்கி, சீமெந்துத் தரையில், மண்சட்டிக்குள் வைத்து, பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் ஏற்றுங்கள். நிரம்பியபின் ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட். ஓட்டும்போது பற்றரியின் வெள்ளைச் சொருகியில் சிறு எச்சரிக்கை ஒலிப்பானை மாட்டி செல்லுக்கு 3.5 வோல்ட் என்று வையுங்கள்; அது கத்தியதும் நிறுத்துங்கள். அடுத்த வாரம்தான் ஓட்டுவீர்கள் என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்துவிடுங்கள். வீங்கிய பற்றரியை மறுபடி ஏற்றவே கூடாது.

கடற்கரையிலிருந்து வந்ததும் அன்றே காய்ந்த தூரிகையால் மணலைத் தட்டி, நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலோகப் பாகங்களில் டபிள்யூடி-40 தெளித்து மறுபடி துடையுங்கள். அது ஈரத்தை விரட்டும், உயவு எண்ணெய்க்கு மாற்றாகாது; தண்டு மூட்டுகளுக்குத் தனியாகக் கிரீஸ் வேண்டும்.

வண்டி ஓடும் நிலையில் இருக்கும்போதே உதிரிப்பாகம் வாங்கி வையுங்கள்: முன் கீழ்க்கைகள் ஒரு சோடி, சில்லுத் தண்டுகள் ஒரு சோடி, பெரிய கியர் ஒன்று. பற்றரியைச் சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வரும் உறவினரிடம் சொல்லி எடுப்பிப்பதானால், 7.4 வோல்ட் 1500 மில்லியம்பியர் மணி பற்றரி 11.1 வாட்மணிதான், விமானத்தில் அனுமதி கேட்காமல் கொண்டுவரக்கூடிய 100 வாட்மணிக்கு மிகவும் கீழே. ஆனால் முனைகளை டேப்பால் மூடிக் கைப்பொதியில்தான் கொண்டுவரவேண்டும், சரக்கில் போடும் பெட்டிக்குள் வைக்கக்கூடாது என்று அவர்கள் புறப்படுமுன்பே சொல்லிவிடுங்கள்.