கண்மாய் வற்றியதும் ராடுக்கும் ரீலுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஐப்பசியில் மழை பிடித்துக் கண்மாயில் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் என் கடைக்கு ரீல்கள், அதாவது தூண்டில் கோலில் மாட்டி நரம்பைச் சுற்றுகிற கருவிகள், வர ஆரம்பித்துவிடும். காரைக்குடியில் நான் வைத்திருப்பது பைக் ரிப்பேர் கடைதான். ஆனாலும் தூண்டில் போடுகிற பையன்களுக்கு என்னைத் தெரியும். "மாமா, மாசியில நல்லாத்தான் சுத்துச்சு, இப்ப கரகரங்குது" என்று ஒருவன் கொண்டுவந்து வைப்பான். திறந்தால், தொண்டிக் கரையில் பட்ட உப்பு எட்டு மாதமாக உள்ளேயே உட்கார்ந்து பேரிங்கைத் தின்றிருக்கும். அப்போதே கழுவி வைத்திருந்தால் கால் மணி நேர வேலை.

எங்கள் பக்கம் சித்திரைக்குள் கண்மாய்கள் வற்றிவிடும். ஊரே ஊத்தாவும் வலையுமாக இறங்கி மீன்பிடித் திருவிழாவை முடித்துவிட்டால் ராடுக்கு, அதாவது தூண்டில் கோலுக்கு, வேலை இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையை ராடையும் ரீலையும் சுத்தம் பண்ணி எடுத்து வைக்கவென்று ஒதுக்கிவிடுவேன்.

முதலில் ரீலைக் கழுவ வேண்டும். அதற்கு முன் டிராக் திருகை (மீன் இழுக்கும்போது நரம்பு எவ்வளவு இறுக்கத்தோடு ஓட வேண்டும் என்று வைப்பது) நன்றாக இறுக்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தண்ணீர் வாஷர்களுக்குள் இறங்கிவிடும். குழாயை லேசாகத் திறந்து தூறல் மாதிரி விட்டால் போதும். பைக் கழுவுகிற பம்பைக் காட்டவே காட்டாதீர்கள். வெளியே இருக்கும் உப்பையும் மணலையும் அந்த வேகமே உள்ளே தள்ளிவிடும். வாளியில் முக்குவதும் வேண்டாம். எங்கள் வீட்டு போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் படலம் விடும், அதனால் கடைசி அலசலுக்கு ஒரு சொம்பு சம்பை ஊற்றுத் தண்ணீர். "குடிக்கிற தண்ணியவாடா மீன் கவிச்சிக்கு ஊத்துற" என்று ஆத்தா வருடா வருடம் திட்டும். துடைத்து நிழலில் காய வைத்த பிறகு டிராக்கை முழுக்கத் தளர்த்திவிடுங்கள். இறுக்கிய நிலையிலேயே மாதக்கணக்கில் கிடந்தால் வாஷர்கள் அமுங்கிப்போய், அடுத்த முறை நரம்பை விட்டு விட்டு இழுக்கும்.

ரீலைத் திறப்பதற்கு முன் ஆத்தாவின் பல்லாங்குழியை எடுத்துக்கொள்வேன். பதினான்கு குழி. கைப்பிடி முதல் குழியில், நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூலின் வாஷர் இரண்டாவதில், பக்கத் தகட்டின் திருகுகள் மூன்றாவதில் என்று கழற்றுகிற வரிசையிலேயே வைத்துக்கொண்டு போவேன். பூட்டும்போது கடைசிக் குழியிலிருந்து திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படமும் எடுத்துவிடுங்கள். நரம்பை ஸ்பூலில் சுற்றிவிடுகிற பெயில் கம்பிக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங்கை மட்டும் துணியால் மூடிக்கொண்டு கழற்றுங்கள். ஒரு தடவை அது துள்ளி முற்றத்துத் தூம்புக்குள் போய்விட்டது. பல்லாங்குழியில் கிரீஸ் ஒட்டினால் சீயக்காய்த் தூள் போட்டுத் தேய்த்துத்தான் திருப்பித் தர வேண்டும் என்பது வீட்டு ஒப்பந்தம்.

இருபது வருடமாக கிரீஸில் கை வைத்தவன் நான். அந்தத் திமிரில் முதல் ரீலில் எல்லா இடத்திலும் அப்பிவிட்டேன். கைப்பிடியை ஒரு பக்கம் மட்டும் சுற்றவிடுகிற ரோலர் பேரிங் ஒன்று உள்ளே இருக்கிறது. அதில் கிரீஸ் போனால் பிடிமானம் போய்விடும். அது எனக்குத் தெரிந்தது தொண்டியில், ஒரு கொடுவா இழுத்தபோதுதான். கைப்பிடி பின்பக்கம் சுழன்று விரல் முட்டியில் நாலைந்து அடி அடித்தது. மீனும் போயிற்று. அந்த பேரிங்கைத் துடைத்து, இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு லேசான ஆயில் காட்டினால் போதும்.

மற்றபடி, பல்சக்கரத்துக்கு கிரீஸ், பேரிங்குக்கு ஆயில். பழைய கிரீஸை வழித்துத் துடைத்துவிட்டு, பல் இடுக்குகளில் மெல்லிசாகத் தடவுங்கள். கடையில் கிடக்கிற சேசிஸ் கிரீஸ் வேண்டாம், கெட்டி. பேரிங்குக்கு ஒரு சொட்டு ரீல் ஆயில், கிடைக்காவிட்டால் தையல் மிஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் மார்கழிக் காலையில் உறைந்துவிடும், நல்லெண்ணெய் நாளானால் பிசுக்காகும். சிலர் டபிள்யூடி-40 அடித்துவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். ஈரத்தை விரட்டுவதற்கென்று வந்தது அது. உள்ளே இருக்கிற கிரீஸையும் கரைத்துவிடும்.

எல்லோரும் மறக்கிற இடம் பெயில் கம்பியின் முனையில் நரம்பு திரும்பி ஓடுகிற சின்ன உருளை. விரலால் சுற்றிப் பாருங்கள். சுற்றாமல் இறுகியிருந்தால் நரம்பு ஒரே இடத்தில் உரசி, அதில் பள்ளமே விழுந்துவிடும். அதற்கும் ஒரு சொட்டு.

நைலான் நரம்பை வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுவது நல்லது. வெயிலில் அது தெம்பு இழக்கும், சுருண்ட நிலையிலேயே கிடந்து பழகியும் விடும். பிரெய்டு (பின்னிய நரம்பு) என்றால் தலைகீழாகத் திருப்பிச் சுற்றி இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம். கழித்த நரம்பைத் துண்டு துண்டாக நறுக்கிக் குப்பையில் போடுங்கள். கரையில் விட்டால் கொக்கு, நாரை காலில் சிக்கும். பறவைகளுக்காக தீபாவளிக்கு வெடியே வெடிக்காத கொள்ளுகுடிப்பட்டி இருக்கிற மாவட்டம் இது.

ராடுக்கு வேலை குறைவு. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, கார்க் பிடியைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் காய விடுங்கள். பிறகு ராடில் நரம்பு ஓடுகிற ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் பஞ்சைச் சுற்றி இழுங்கள். பஞ்சு இழை எங்கே மாட்டுகிறதோ அங்கே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது. நரம்பு அறுந்து விராலைத் தவறவிட்டதெல்லாம் பெரும்பாலும் இப்படி ஒரு வளையத்தால்தான். ஒட்டுப்போட முயலாமல் வளையத்தையே மாற்றுங்கள். இணைப்பு மூட்டில் மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்து வைத்தால் ஐப்பசியில் பிரிக்கவும் சேர்க்கவும் மல்லுக்கட்ட வேண்டாம்.

ஈரத்தோடு உறைக்குள் போடாதீர்கள், பூசணம் பிடிக்கும். சுவரில் சாய்த்தும் வைக்க வேண்டாம், வளைந்துவிடும். தகரக் கொட்டகை, கார் டிக்கி இரண்டிலும் மே மாத வெயிலில் அடுப்பு மாதிரி கொதிக்கும். நான் இரண்டாம் கட்டில் உள்ள அறையில் நாலு முளை அடித்துப் படுக்கை வாட்டத்தில் வைத்திருக்கிறேன். மாதம் ஒரு தடவை அந்தப் பக்கம் போனால் ரீலை நாலு சுற்று சுற்றிவிட்டு வருவேன்.

ஐப்பசியில் எடுத்துக்கொண்டு போகும்போது ஒன்று. கார்பன் ராடில் மின்சாரம் பாயும். கண்மாய்க் கரையில் ராடைத் தூக்குவதற்கு முன் மேலே கரண்டு கம்பி போகிறதா என்று பார்த்துவிட்டு வீசுங்கள்.