பிள்ளைகளோடு யாழ்ப்பாணம் நடக்க மாலை நான்கு மணி

கோட்டைக்கு மத்தியானத்தில் போகாதீர்கள். மதில்மேல் வெயில் மண்டையைப் பிளக்கும். நான்கு மணியளவில் மணிக்கூட்டுக் கோபுரத்தில் தொடங்குங்கள். 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கை வந்ததன் நினைவாகக் கட்டியது அது. அடுத்து, 1981இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த பொது நூலகம். "ஏன் எரித்தார்கள்?" என்று பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள், பதிலை முன்கூட்டியே யோசித்து வைத்திருங்கள். வெயில் தணிந்ததும் கோட்டை. சுவரில் முருகைக் கற்களை (பவளப்பாறைக் கற்கள்) தேடச் சொன்னால் சின்னவர்கள் கால்வலியை மறந்துவிடுவார்கள். கடல்நீரேரியில் பொழுது சாய்வதை மதிலில் நின்று பாருங்கள், ஆனால் அவர்கள் கையை விடாதீர்கள். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலையும் மந்திரிமனை என்ற பழைய மாளிகையையும் அதே நாளில் திணிக்க வேண்டாம். மறுநாள் காலை ஓட்டோவில் போகலாம். கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும்.