வாட்ஸ்அப்பில் விற்கும் பெண்களுக்கு: குரூப் வேண்டாம், பிராட்காஸ்ட் போதும்

வீட்டிலிருந்தே சேலை, இட்லிப்பொடி, முறுக்கு என்று விற்கும் பெண்கள் பலரும் முதலில் செய்வது, வாடிக்கையாளர்களை எல்லாம் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ப்பதுதான். அதில் ஒரு சங்கடம் இருக்கிறது. குரூப்பில் இருக்கும் ஒவ்வொருவரின் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும். உங்களை நம்பி எண் கொடுத்த பெண்ணுக்கு, முன்பின் தெரியாத யாரோ இரவில் ‘ஹாய்’ அனுப்பலாம். அந்தத் தொல்லை அவருக்கு வரவே கூடாது.

அதற்குப் பதில் பிராட்காஸ்ட் லிஸ்ட் போடுங்கள். ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும், பதிலும் உங்களுக்கு மட்டுமே வரும். ஒன்றை மறக்க வேண்டாம்: உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும். முதல் ஆர்டரின்போதே “என் நம்பரை சேவ் பண்ணிக்கோங்க” என்று சொல்லிவிடுங்கள்.

முடிந்தால் தனி சிம் வாங்கி, வியாபாரத்துக்கென்றே உள்ள வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் வைத்துக்கொள்ளுங்கள். இலவசம்தான். அதே போனில் சொந்த வாட்ஸ்அப்பும் இருக்கலாம். அதிலுள்ள கேட்டலாக்கில், அதாவது பொருள் பட்டியலில், படமும் விலையும் போட்டுவிட்டால், “எவ்வளவு?” என்ற கேள்வி பாதியாகக் குறையும்.

அப்புறம் பணம். பணம் அனுப்பியதாகக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பார்சல் அனுப்பாதீர்கள், வங்கிக் கணக்கில் பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை. கேட்டால் அது மோசடிதான். ஏமாந்துவிட்டால் தயங்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.